"யாரு இடிச்சாங்க மாமா?": இடிபாடுகளின் ஓவியரும் ரெண்டு வாண்டுகளும்

இன்னைக்கு எபிசோடுல ஒரு ஓவியர், மூணு ஓவியங்கள், ரெண்டு வாண்டுகள். ஓவியர் 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர். வாண்டுகள் என் அக்கா பிள்ளைகள். பொண்ணுக்கு 6 வயசு, பையனுக்கு 4. கேட்டுக்கிட்டு இருக்கிறவங்க முடிஞ்சா நடுவுல ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, லூவ்ர் அருங்காட்சியகத்தோட இணையதளத்துல இந்த ஓவியங்களைத் தேடிப் பாருங்க. 2021-ல் தங்களோட சேகரிப்பை அவங்க இணையத்துல எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க. காசு கிடையாது.

முதல்ல, இது எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்லிடறேன்.

ஒரு சனிக்கிழமை. அக்காவும் அத்தானும் ஒரு கல்யாணத்துக்குப் போகணும்னு பிள்ளைகளை என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. வெளியே நல்ல மழை, பார்க்குக்குக் கூட்டிட்டுப் போக வழியில்லை. நான் ரோமானியப் பொறியியலைப் பத்தி ஒரு எபிசோடுக்காகப் படிச்சுக்கிட்டிருந்தேன். லேப்டாப் திரை முழுக்க ஒரு பழைய பாலத்தோட ஓவியம். அக்கா பொண்ணு பின்னாடி வந்து நின்னு கொஞ்ச நேரம் பாத்துட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"இதை யாரு இடிச்சாங்க மாமா? ஜேசிபி வந்துச்சா?"

அந்தக் கேள்வி எங்கேயிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். போன மார்ச் மாசம், குரோம்பேட்டையில எங்க தாத்தா கட்டின வீட்டை இடிச்சோம். பில்டர்கிட்ட கொடுத்து ஃபிளாட் கட்டறதா முடிவு. பெரியவங்க எல்லாரும் உட்காந்து பேசி, கையெழுத்துப் போட்டு, சாமான்களை மாத்தியாச்சு. பிள்ளைங்ககிட்ட சொல்லணும்னு மட்டும் ஒருத்தருக்கும் தோணலை. வாராவாரம் ஞாயித்துக்கிழமை அவங்க ஓடி விளையாடின வீடு அது. ஒரு ஞாயிறு போறாங்க, கூடத்துல ஜேசிபி நிக்குது. அன்னைக்குக் குவியல்ல இருந்து உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு ஆக்சைடு தரையோட ஒரு துண்டை எடுத்துக்கிட்டு வந்தா இவ. அது இன்னும் அவ பென்சில் டப்பாவுலதான் இருக்கு. அதைப் பத்தி வீட்டுல நாங்க யாரும் பேசலை.

சரி, ஓவியத்துக்கு வருவோம்.

அந்தப் பாலத்தோட பேரு 'போன் து கார்'. பேரைச் சொன்னதும் நாலு வயசுக்காரன் ஓடி வந்து, "கார் எங்க? கார் எங்க?"ன்னு திரையில தேட ஆரம்பிச்சிட்டான். கார் இல்லடா கண்ணா, தெற்கு பிரான்ஸ்ல கார்தோன்னு ஒரு ஆறு, அதுக்கு மேல ரோமானியர்கள் முதலாம் நூற்றாண்டுல கட்டின பாலம்னு சொன்னேன். மனுஷங்க நடக்கறதுக்காகக் கட்டினது இல்லை. தண்ணி நடக்கறதுக்காகக் கட்டினது. நீம்ங்கற ஊருக்குக் குடிதண்ணி போன கால்வாய் இதோட உச்சியில ஓடுச்சு. மூணு அடுக்கு, கிட்டத்தட்ட 49 மீட்டர் உயரம். நம்ம கணக்குல 16 மாடி. நிஜப் பாலத்துல கீழ் அடுக்குல 6 வளைவு, நடுவுல 11, மேல் அடுக்குல இப்போ 35 குட்டி வளைவு மிஞ்சியிருக்கு. முதல்ல 47 இருந்துச்சு. பையன் ஓவியத்துல தெரியற வளைவுகளை விரல் வெச்சு எண்ண ஆரம்பிச்சான். அவனுக்குப் பன்னெண்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதனால பன்னெண்டுன்னு முடிச்சிட்டான்.

இங்க ஒரு நிமிஷம் என்னோட பொறியியல் மூளைக்கு இடம் கொடுங்க. மொட்டை மாடியில மழைத்தண்ணி தேங்காம ஓடறதுக்கு நம்ம கொத்தனார் 'வாட்டம்' விடுவார் இல்லையா? பத்து அடிக்கு ஒரு இஞ்ச் மாதிரி. இந்தக் கால்வாய் மொத்தம் சுமார் 50 கிலோமீட்டர் நீளம். ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் இருக்கிற உயர வித்தியாசம் 12.6 மீட்டர்தான். சராசரியா ஒரு கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர். அதாவது பத்து அடிக்கு ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. மோட்டார் இல்லாம, பம்ப் இல்லாம, வெறும் வாட்டத்தை நம்பி 50 கிலோமீட்டருக்குத் தண்ணியைக் கொண்டு போயிருக்காங்க.

அப்போ இதை யாரு இடிச்சாங்க?

நான் பொண்ணுகிட்ட நிஜத்தைச் சொன்னேன். யாரும் இடிக்கலை. தண்ணியில சுண்ணாம்பு அதிகம், கால்வாய்ச் சுவர்ல படிஞ்சுக்கிட்டே வரும். நம்ம வீட்டு கீசர்ல, பக்கெட்டுல வெள்ளையா படியுதே, அதே மாதிரி. சுரண்டிச் சுத்தம் பண்ண ஆள் இருந்த வரைக்கும் தண்ணி ஓடுச்சு. ரோமானிய ஆட்சி தளர்ந்துச்சு, சுத்தம் பண்றது குறைஞ்சுச்சு, கால்வாய் அடைச்சுக்கிச்சு. மென்பொருள் வேலையில இருக்கிறவங்களுக்கு இது புது விஷயம் இல்லை. எந்த சிஸ்டமும் ஒரே நாள்ல சாகாது. பராமரிக்கிற டீமைக் கலைச்சிடுவாங்க, அவ்வளவுதான்.

ஆனா பாலம் விழலை. ஏன்னா ஜனங்க அதை வேற வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. தண்ணி போகாட்டி என்ன, நாம போவோம்னு ஆத்தைக் கடக்க அதைப் பயன்படுத்தினாங்க. வண்டி போக இடம் போதலைன்னு நடு அடுக்குத் தூண்களைச் செதுக்கியே எடுத்தாங்க. பாலம் பலவீனமாச்சு. 18-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல அதைச் சரி பண்ணி, 1740-களில் பக்கத்துல ஒட்டினாப்ல ஒரு சாலைப் பாலமே கட்டினாங்க. கெடுத்ததும் ஜனங்கதான், காப்பாத்தினதும் ஜனங்கதான்.

நான் இதையெல்லாம் விளக்கிக்கிட்டு இருக்கேன். பிள்ளைங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள பாலத்தை விட்டுட்டு ஓவியத்தோட அடிப்பகுதிக்குப் போயிட்டாங்க. அங்க ஆத்தங்கரையில குட்டிக் குட்டியா மனுஷங்க. "இவங்க ஏன் இங்க வந்திருக்காங்க? இவங்க வீடு எங்க? சாப்பிட்டாங்களா?" பாலத்தைப் பத்தி கேட்டது ஒரே ஒரு கேள்வி, அந்த மனுஷங்களைப் பத்தி பத்து. இது உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும், பின்னாடி தேவைப்படும்.

அப்புறம் பொண்ணு அம்புக்குறியைத் தட்டி அடுத்த படத்துக்குப் போனா. அதே ஓவியரோட இன்னொரு ஓவியம். நீளமான, பிரம்மாண்டமான ஒரு மண்டபம். கூரை பாதி இடிஞ்சு வானம் தெரியுது. உடைஞ்ச விளிம்புல செடி முளைச்சிருக்கு. தரையில சிலைகள் விழுந்து கிடக்கு. நடுவுல ஒரு சிலை மட்டும் முழுசா நிக்குது, அதைப் பாத்து ஒரு ஆள் உட்காந்து வரைஞ்சுக்கிட்டு இருக்கார். இன்னொரு பக்கம் தீ மூட்டியிருக்காங்க.

இது எந்த ஊர் கோட்டைன்னு கேட்டா. கோட்டை இல்லை, பாரிஸ்ல இருக்கிற லூவ்ர், பெரிய மியூசியம், இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு, இந்த ஓவியர் சும்மா கற்பனையா இடிஞ்சு போன மாதிரி வரைஞ்சிருக்கார்னு சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டா:

"அப்போ நம்ம வீடும் இப்படி ஆயிடுமா?"

நான் யோசிக்கவே இல்லை. "சேச்சே, நம்ம வீடு ஸ்ட்ராங்கு. அதெல்லாம் ஆகாது"ன்னு சொன்னேன்.

"தாத்தா வீடும் ஸ்ட்ராங்குதான்னு நீதானே சொன்ன மாமா."

என்கிட்ட பதில் இல்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் அந்த ஓவியரைப் பத்தி தேடித் தேடிப் படிச்சேன். இனி சொல்லப்போறது அந்த ஒரு வாரத்துக் கதை.

அவர் பேர் யூபேர் ரொபேர். 1733-ல் பாரிஸில் பிறந்தவர். 1754-ல், 21 வயசுல, ரோமுக்குப் போன பிரெஞ்சுத் தூதரோட பரிவாரத்தில் சேர்ந்து கிளம்பினார். போனவர் 11 வருஷம் இத்தாலியிலேயே தங்கிட்டார். அது இடிபாடுகள் மேல ஐரோப்பாவுக்கே மோகம் பிடிச்ச காலம். எரிமலைச் சாம்பலுக்கு அடியிலிருந்து ஹெர்குலேனியத்தை 1738-லும் பாம்பேயை 1748-லும் தோண்ட ஆரம்பிச்சிருந்தாங்க. பணக்கார இளைஞர்கள் ரோமுக்குச் சுற்றுலா வந்து, ஊருக்குத் திரும்பும்போது இடிபாடு ஓவியம் ஒண்ணு வாங்கிட்டுப் போவாங்க. நாம மலைப்பிரதேசம் போனா ஃபிரிட்ஜ் மேக்னட் வாங்கிட்டு வர்ற மாதிரி, ஆனா விலை கொஞ்சம் கூட.

அன்னைய ரோமை இன்னைய ரோமா நினைச்சுக்காதீங்க. டிக்கெட் கவுண்ட்டர், வேலி, 'தொடாதீர்கள்' போர்டு எதுவும் கிடையாது. பழைய ரோமப் பேரரசோட இதயமான ஃபோரத்துக்கு அன்னைக்கு ஜனங்க வெச்சிருந்த பேரு 'காம்ப்போ வச்சினோ', அதாவது மாட்டு மைதானம். அங்க மாட்டுச் சந்தை நடந்துச்சு. பேரரசர்கள் கட்டின தூண்கள் பாதி மண்ணுல புதைஞ்சு கிடக்க, அதுக்கு நிழல்ல மாடு அசை போட்டுக்கிட்டு நிக்கும். ரொபேர் வரைஞ்சது இதைத்தான். அவர் ஓவியங்கள்ல பெரிய வளைவுக்குக் கீழே பெண்கள் துணி துவைப்பாங்க. பழைய மண்டபத்துக்குள்ள கொடி கட்டித் துணி காயும். நாய் ஓடும், குழந்தைங்க விளையாடும்.

ஆளும் கொஞ்சம் துடுக்கு. அவரோட தோழியான ஓவியர் விஜே ல ப்ரன் தன்னோட நினைவுக் குறிப்புகள்ல ஒரு சம்பவம் சொல்றாங்க. மாணவனா இருந்தப்போ, கொஞ்சம் சாம்பல் நிறக் காகிதத்தைப் பந்தயம் வெச்சுக்கிட்டு, கொலோசியத்தோட உச்சிக்கே சுவர் ஏறிட்டாராம். இந்தக் கதையைச் சொன்னா குழந்தைங்க கண்ணு விரியும். நீங்களும் வீட்டுல முயற்சி பண்ணுங்க. கதையைச் சொல்றதை மட்டும்.

1765-ல் பாரிஸ் திரும்பினார். அடுத்த வருஷமே அரச ஓவியக் கழகம் அவரைச் சேர்த்துக்கிச்சு. 1767-ல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் அவர் ஓவியங்களை வெச்சார். ஊர் அவருக்கு 'இடிபாடுகளின் ரொபேர்'னே பட்டப்பேர் வெச்சிருச்சு.

அந்தக் கண்காட்சியைப் பத்தி எழுதினவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கலைக்களஞ்சியம் தொகுத்த தத்துவவாதி தெனி திதெரோ. ரொபேரைப் பாத்து மயங்கிப் போய்ப் பக்கம் பக்கமா எழுதினார். இடிபாடுகளுக்கு முன்னாடி நிக்கும்போது எல்லாம் அழியுது, உலகம் மட்டும் மிஞ்சுதுங்கற எண்ணம் வருது, அதுல ஒரு இனிமையான சோகம் இருக்குன்னு சொன்னார். கூடவே ஒரு புகாரும் வெச்சார். என்ன தெரியுமா? ஓவியத்துல மனுஷங்க ரொம்ப அதிகம். தனிமையையும் அமைதியையும் கூட்டிக் காட்டற சிலரை மட்டும் வெச்சுக்கிட்டு, மீதிப் பேரை எடுத்துடுங்கன்னு ரொபேருக்கு யோசனை சொன்னார்.

இதைப் படிச்சதும் எனக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்துச்சு. திதெரோ எடுத்துடச் சொன்ன அதே குட்டி மனுஷங்களைத்தான் ரெண்டு வாண்டுகளும் முதல்ல தேடிப் போனாங்க. திதெரோ மேல எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனா இந்த விஷயத்துல நான் வாண்டுகள் கட்சி. இடிபாட்டைப் பாத்து இனிமையா சோகப்படணும்னா உங்க சொந்த வீடு பத்திரமா இருக்கணும். வீட்டை இப்பத்தான் இழந்த குழந்தைக்கு அந்தச் சோகம் இனிக்காது. அதுக்குத் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான்: இப்படி ஆனதுக்கப்புறம் மனுஷங்க என்ன பண்ணுவாங்க? சாப்பாடு கிடைக்குமா? எங்க தூங்குவாங்க?

ரொபேர் திதெரோ பேச்சைக் கேட்கலை. கடைசி வரைக்கும் அவர் ஓவியங்கள்ல ஜனங்க சமைச்சுக்கிட்டும் துவைச்சுக்கிட்டும்தான் இருந்தாங்க.

அவர் பழைய ரோமை மட்டும் வரைஞ்சவரும் இல்லை. அந்தக் காலத்துல பாரிஸ் பாலங்களுக்கு மேலேயே வரிசையா வீடுகள் இருந்துச்சு. 1786-ல் நோத்ர தாம் பாலத்து வீடுகளை இடிச்சப்போ, ரொபேர் அதையும் வரைஞ்சார். ஜேசிபி கண்டுபிடிக்காத காலத்து இடிப்பு வேலை. எங்க வீட்டுப் பொண்ணுக்கு இதைத்தான் முதல்ல காட்டியிருக்கணும்னு இப்போ தோணுது.

அந்த 'போன் து கார்' ஓவியம் 1787-ஐச் சேர்ந்தது. பெரிய ஓவியம், ஒரு பக்கமே சுமார் 2.4 மீட்டர். தெற்கு பிரான்ஸோட ரோமானியச் சின்னங்களைப் பத்தி நாலு ஓவியம் கேட்டாங்க, அதுல இது ஒண்ணு. கேட்டது மன்னர் 16-ஆம் லூயிக்காக, ஃபோந்தேன்ப்ளோ அரண்மனைக்காக. பேரரசு போய்க் கல் மட்டும் மிஞ்சின காட்சியை ஒரு மன்னர் தன் அரண்மனைக்கு ஆசையா வரவழைக்கிறார். சரியா ரெண்டு வருஷத்துல பிரெஞ்சுப் புரட்சி. 1789 ஜூலையில் பஸ்தீல் சிறையை ஜனங்க பிடிச்சாங்க, உடனே இடிக்க ஆரம்பிச்சாங்க. ரொபேர் அதையும் வரைஞ்சார். 1793 ஜனவரி 21 அன்று மன்னரோட தலையையே வெட்டிட்டாங்க.

மன்னர் காலத்துல பதவியில இருந்தவங்களுக்கு அடுத்த வருஷங்கள் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ரொபேர் அரச ஓவியங்களோட காப்பாளர்கள்ல ஒருத்தர். லூவ்ர் அரண்மனையைப் பொது அருங்காட்சியகமா மாத்தணும்னு பல வருஷம் திட்டம் போட்டவர். பல ஓவியர்களுக்குக் கிடைச்ச மாதிரி அவருக்கும் லூவ்ர்லயே குடியிருக்க இடம் கொடுத்திருந்தாங்க. 1793 ஆகஸ்ட் 10 அன்று அந்த அருங்காட்சியகம் திறந்தது. அதே வருஷம் அக்டோபர்ல அவரைக் கைது பண்ணாங்க.

கிட்டத்தட்ட பத்து மாசம் சிறை. முதல்ல சேன்ட் பெலாஜி, அப்புறம் சேன் லசார். தினமும் சிலரைக் கூப்பிட்டுக் கில்லட்டினுக்கு அனுப்பற காலம். அங்க அவர் என்ன பண்ணார்? வரைஞ்சார். கான்வாஸ் கிடைக்காதப்போ சாப்பாட்டுத் தட்டுகள்ல வரைஞ்சார். கைதிகளுக்குப் பால் கொடுக்கிற காட்சியை வரைஞ்சார். நாளைக்கு உயிரோட இருப்போமான்னு தெரியாத இடத்துலயும் அவர் கண்ணுல பட்டது, யார் எங்க வரிசையில நிக்கிறாங்க, பால் எப்படி வருதுங்கறதுதான். ரோபெஸ்பியர் விழுந்ததும், 1794 ஆகஸ்ட்ல வெளியே வந்தார். அடுத்த வருஷம் மறுபடியும் அதே அருங்காட்சியக வேலை.

இப்போ 1796. சலோன் கண்காட்சியில் ரொபேர் ஒரு ஜோடி ஓவியம் வெச்சார். ரெண்டுலயும் லூவ்ரோட 'பெரிய கூடம்'. முதல் ஓவியத்துல அந்தக் கூடம் எப்படி ஆகணும்னு அவர் ஆசைப்பட்டாரோ அப்படி இருக்கு. கூரையில கண்ணாடி பதிச்சு, மேலிருந்து வெளிச்சம் வந்து, சுவர் நிறைய ஓவியங்கள், பாக்க வந்த ஜனங்க. ஓவியங்களுக்குப் பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தை விட மேலிருந்து விழற வெளிச்சம்தான் நல்லதுன்னு அவங்க வருஷக்கணக்கா வாதாடிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டாவது ஓவியம்தான் எங்க வீட்டுப் பொண்ணு பாத்தது. அதே கூடம், என்னைக்கோ ஒரு நாள், இடிஞ்ச பிறகு.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரு விஷயம் பிடிபடும். ரெண்டுலயும் வெளிச்சம் மேலிருந்துதான் வருது. ஒண்ணுல கண்ணாடி வழியா, இன்னொண்ணுல கூரை போனதால.

நடுவுல முழுசா நிக்கிற சிலை அப்போலோ பெல்வெதேர். வேடிக்கை என்னன்னா, 1796-ல் அந்தச் சிலை பாரிஸ்லயே இல்லை, ரோம்ல இருந்துச்சு. நெப்போலியனோட படை அதை எடுத்துட்டு வந்து, 1798-ல்தான் பாரிஸ் வந்து சேர்ந்துச்சு. 1815-ல் அவர் தோத்த பிறகு ரோமுக்கே திரும்பிப் போயிடுச்சு. ரொபேர் இன்னும் வராத சிலையை, இன்னும் இடியாத மண்டபத்துல நிக்க வெச்சிருக்கார். கீழே விழுந்து கிடக்கிற சிலைகள்ல ஒண்ணு மைக்கேலாஞ்சலோ செஞ்ச 'சாகும் அடிமை'. அது நிஜமாவே ஒரு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிதான் அங்க வந்திருந்துச்சு.

அதாவது, இவர் எவனோ ஒருத்தன் வீட்டை வரைஞ்சு அழகு பாக்கலை. தான் குடியிருந்த கட்டடத்தை, பாதி வாழ்க்கையைக் கொடுத்துக் கட்டியெழுப்பின அருங்காட்சியகத்தை, இடிஞ்சு போனதா வரைஞ்சிருக்கார். வரைஞ்சு முடிச்சிட்டு மறுநாள் அதே கட்டடத்துக்கு வேலைக்கும் போயிருக்கார். எனக்குத் தேவைப்பட்ட பதில் இதுக்குள்ள இருந்துச்சு.

அடுத்த சனிக்கிழமை நானே அக்கா வீட்டுக்குப் போனேன். ரெண்டு ஓவியத்தையும் ஏ3 தாள்ல கலர் பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன். தரையில விரிச்சேன். இந்த முறை நான் முதல்ல எதுவும் விளக்கலை. "இங்க யாரெல்லாம் இருக்காங்க, என்ன பண்றாங்கன்னு சொல்லுங்க"ன்னு மட்டும் கேட்டேன்.

பையன் தீயைக் காட்டி, "சோறு வடிக்கிறாங்க"ன்னான். பொண்ணு, "இல்ல, குளிர் காயறாங்க"ன்னா. கொஞ்ச நேரம் சண்டை. அப்புறம் ரெண்டு பேரும் அந்த உட்காந்து வரையற ஆள்கிட்ட வந்தாங்க. "இவரு மட்டும் ஏன் வேலை செய்யாம வரைஞ்சுக்கிட்டு இருக்காரு?" நான் சொன்னேன், அவருக்கு அதுதான் வேலை. இந்த மண்டபம் எப்படி இருந்துச்சுன்னு யாராவது ஞாபகம் வெச்சுக்கணும் இல்ல.

அப்புறம், போன வாரம் நான் சொன்னது பொய்னு ஒத்துக்கிட்டேன். "நீ கேட்டியே, நம்ம வீடும் இப்படி ஆகுமான்னு. ஆகலாம். எந்த வீடும் என்னைக்காவது ஒரு நாள் பழசாகும். ஆனா அதுக்கு ரொம்ப நாள் இருக்கு. நாளைக்கு ஆகாது, அடுத்த மாசமும் ஆகாது. அப்படி எதாவது முடிவு பண்ணினா, இனிமே உன்கிட்ட முதல்லயே சொல்லுவோம். தாத்தா வீட்டை இடிக்கப் போறோம்னு சொல்லாதது எங்க தப்பு."

அக்கா சமையலறை வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. எதுவும் சொல்லலை.

பொண்ணு எழுந்து போய்ப் பென்சில் டப்பாவைக் கொண்டு வந்தா. அந்தச் சிவப்புத் துண்டை எடுத்து, ஓவியத்துல உடைஞ்சு கிடந்த கல்லுங்களுக்கு மேல வெச்சா. "இது இங்கதான் இருக்கணும்"ன்னா.

அப்புறம் அவ சொன்னதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் மறக்கலை. தீ மூட்டியிருந்தவங்களைக் காட்டி, "இவங்க தாத்தா வீட்டுல இருக்கிற அக்கா மாதிரி"ன்னா. எந்த அக்கான்னு எனக்குப் புரியலை. எங்க அக்காதான் சொன்னாங்க, இடிச்ச மனையில இப்போ கட்டட வேலை செய்யற ஒரு குடும்பம் தங்கியிருக்கு. தகரம் வெச்சு மறைச்சு, மூணு செங்கல்லை அடுப்பாக்கி, பின்பக்க வேப்பமரத்துக் கிளையில கைக்குழந்தைக்குத் தூளி கட்டியிருக்காங்க. அஸ்திவாரக் கம்பியில துணி காயுது. நான் அந்த மனைக்கு நாலஞ்சு தடவை போயிருக்கேன், பில்டர்கிட்ட பேசறதுக்கு. கார்ப்பெட் ஏரியா எவ்வளவுன்னு தெரியும் எனக்கு. அந்தத் தூளியை நான் பாக்கவே இல்லை.

திதெரோ மாதிரி நானும் என் கண்ணுல இருந்து மனுஷங்களை எடுத்துட்டு, கட்டடத்தை மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

அடுத்த ஞாயிறு நாங்க எல்லாரும் அங்க போனோம். பொண்ணு தாளும் கிரேயானும் கொண்டு வந்திருந்தா. மணல் குவியல் மேல உட்காந்து வரைஞ்சா: பாதிச் சுவர், வேப்பமரம், தூளி, அடுப்பு, புகை. மூலையில ஒரு ஆள் உட்காந்து வரையறான். "அது யாரு?"ன்னு கேட்டேன். "நான்தான்"ன்னா. பையன் அந்தக் குழந்தையோட தூளியை ஆட்டிக்கிட்டு இருந்தான். அந்த வீட்டம்மா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாங்க. எங்க தாத்தா வீட்டுக் கூடம் இருந்த இடத்துல உட்காந்து குடிச்சோம்.

ரொபேர் 1808-ல் பாரிஸில் இறந்தார். லூவ்ர் இன்னும் இடியலை. அந்தப் பெரிய கூடத்துக்கு இப்போ மேலிருந்துதான் வெளிச்சம் வருது, அவர் ஆசைப்பட்ட மாதிரியே. அந்த ஜோடி ஓவியங்களும் இன்னைக்கு லூவ்ர் கிட்டதான் இருக்கு. எந்தக் கட்டடம் இடிஞ்ச மாதிரி வரைஞ்சாரோ, அதோட சேகரிப்புலயே இருக்கு.

உங்க வீட்டுலயும் ஒரு வாண்டு இருந்தா இந்த வாரம் இந்த ஓவியங்களைக் காட்டுங்க. வருஷம், பேரு, பாணி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல ஓவியத்துல யாரு இருக்காங்க, என்ன பண்றாங்கன்னு அவங்களையே சொல்ல விடுங்க. கஷ்டமான கேள்வி வந்தா, என்னை மாதிரி பிஸ்கட் டப்பாவை நீட்டாதீங்க. பதில் தெரியலைன்னா ஒரு வாரம் டைம் கேளுங்க. குழந்தைங்க கொடுப்பாங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.